‘போயிட்டு வரேன்’ சுப்பராமன்

தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் எந்தப் பெண்மணியும் நாளுக்கு நாலு தடவை இலவசமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் கலைஞராகக் காலம் தள்ளியவர் என் சித்தப்பா சுப்பராமன். வாசல் தாண்டுகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் திரும்பி வர மாட்டார் என்று ஒரு பயம். பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பினாலும் சரி, வடாம் பிழிய வந்த பக்கத்து வீட்டு மாமி கிளம்பினாலும் சரி, உடனே சமையலறையிலிருந்து குரல் வரும்: “போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு.” இதைச் சொன்னதற்காக எந்தப் பெண்மணிக்கும் யாரும் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை. சித்தப்பாவுக்குப் போர்த்தினார்கள். பல தடவை போர்த்தினார்கள். அவற்றில் சிலவற்றை அவரே கடையில் வாங்கி, சபாக்காரர்களிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சினிமா. ‘திரையை விடுங்க’ என்று பெயர். அறுபத்தாறில் வந்தது, ஒரு மாதிரி ஓடியது. வயதான நாடக ஜோடி ஒன்று மேடையை விட்டு ஓய்வு பெறப் பார்க்கிறது. ‘கடைசி நாடகம்’ என்று கான்ட்ராக்டர் தட்டி வைக்கிறான். கொட்டகை நிரம்பி வழிகிறது. ருசி கண்டவன் விடுவானா? நாடகம் முடிந்து, கிழவி திரைக்கு முன்னால் வந்து கைகூப்பி, “நான் போறேன்” என்கிறாள். முன் வரிசையில் ஒருவன் துள்ளி எழுந்து, வலது கையை உயர்த்தி, “போறேன்னு சொல்லாதேள்! போயிட்டு வரேன்னு சொல்லுங்கோ!” என்று கத்துகிறான். சபை கை தட்டுகிறது. கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, போயிட்டு வரேன்” என்று சொல்லித் தொலைக்கிறாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று அல்லவா? அடுத்த வாரம் ‘நிஜமாகவே கடைசி நாடகம்’. அதற்கடுத்த வாரம் ‘சத்தியமாகக் கடைசி’. ஒவ்வொரு தடவையும் அந்த முன் வரிசை ஆள் எழுந்து அவளை மாட்டிவிடுகிறான். முடிவில் கிழவரே மேடையிலிருந்து இறங்கி வந்து, அவன் வாய் திறக்கும் நேரத்தில் ஒரு லட்டை அடைத்துவிட்டு, “திரையை விடுங்க! திரையை விடுங்க!” என்று அலறிக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்து ஓடுகிறார். படம் முடிந்தது.

லட்டு வாங்கிய வாய் சித்தப்பாவுடையது.

படத்தில் அவருக்கு மேடையில் நிற்கும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பார்வையாளர். மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கத்தில் படப்பிடிப்பு நடந்தது. நாற்காலிகளை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனவர்களில் இவர் ஒருவர். அந்த வசனத்துக்கு வைத்திருந்த நடிகர் அன்று வரவில்லை. “சத்தமாப் பேசறவா யாராவது இருக்கேளா?” என்று கேட்டார்களாம். அரசாங்க அலுவலகத்தில் மூன்று மேஜை தள்ளியிருந்த பியூனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கை தூக்கினார். தூக்கிய கையை அதற்கப்புறம் அவர் இறக்கவேயில்லை.

படம் வந்த கையோடு ஒரு நகைச்சுவை நாடகக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. டாக்டராக வந்து நாடி பிடிப்பார். தபால்காரராக வந்து தந்தி கொடுப்பார். எந்த வேஷமாக இருந்தாலும், யாராவது ஒரு பாத்திரம் அவர் எதிரில் ‘போறேன்’ என்று சொல்லியே ஆக வேண்டும். அதற்காகக் கதைகளை வளைத்தார்கள். ஒரு துப்பறியும் நாடகத்தில் கொலைகாரனே கைவிலங்கோடு, “இன்ஸ்பெக்டர், நான் ஜெயிலுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவின் பக்கம் திரும்பி மரியாதையாகக் காத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

வெளியிலும் விடமாட்டார். கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களை வாசலில் மறிப்பார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று திட்டிக்கொண்டு போகிறவனைத் திருத்துவார். அடையாறில் ஒரு பல் டாக்டரிடம், வாயில் பஞ்சோடு, மயக்க ஊசி போட்ட நாக்கோடு சொல்லிக் காட்டினாராம். அதையும் பெருமையாகச் சொன்னவர் அவர்தான். யாராவது சிரித்தால் அங்கேயே நின்று இன்னொரு தடவை சொல்வார். சிரிக்காவிட்டால், புரியவில்லை போலிருக்கிறது என்று படத்தின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வார். ஆகவே, அபிராமபுரத்தில் விவரம் தெரிந்தவர்கள் உடனே சிரித்துவிடுவார்கள்.

எண்பத்தெட்டில் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபோது மேடையிலிருந்தும் ஓய்வு பெறுவதாக அறிவித்து ஒரு விழா நடத்தினார். விழா முடிவில் “நான் போறேன்” என்றார். சபை மரியாதைக்கு “போயிட்டு வரேன்னு சொல்லுங்கோ” என்றது. அடுத்த மாதமே தபால்காரராக வந்து நின்றார். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு ஓய்வு. அப்புறம் ஒன்று. படத்தில் அந்த ஜோடிக்கு ஓய்வு கொடுக்காமல் அழிச்சாட்டியம் பண்ணியவர், நிஜத்தில் தானும் பெறவில்லை, பிறருக்கும் கொடுக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் நாடகக் குழுவே அவருக்குத் தெரியாமல் பெயரை மாற்றிக்கொண்டு தி.நகர்ப் பக்கம் குடிபோய்விட்டது.

நான் கனடாவிலிருந்து வந்தால் அபிராமபுரத்தில் அவர்கள் வீட்டில்தான் தங்குவேன். விஜயலக்ஷ்மி சித்தி என் அம்மாவின் தங்கை. குடிக்கிற தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைக்கச் சொல்லிக் கேட்பதும், திரும்பிப் போகும் டிக்கெட்டை உறுதி செய்தாயிற்றா என்று விமான ஆபீசுக்கு ஓயாமல் போன் செய்வதும், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதுமாக நான் இருக்கும் நாட்களை சித்தி ஒருத்திதான் பொறுத்துக்கொள்வாள். தொண்ணூற்றாறு ஜூலையில் நான் போனபோது, சித்தப்பா பனங்கல்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ‘திரையை விடுங்க’ படத்துக்கு முப்பது வருஷம். மயிலாப்பூர் சபா ஒன்று அதைத் திரையிட்டு விழா எடுக்கப் போகிறது.

“இதுதாண்டா நிஜமான ரிடயர்மென்ட்,” என்றார். “மத்ததெல்லாம் ஒத்திகை.”

சபாவின் செயலாளர் கிரீஷ். முப்பத்தைந்து வயது இருக்கும்; பாங்கு வேலை; யார் முகத்துக்கும் அஞ்சாத பேச்சு. சபா கேன்டீனில் போண்டா தின்றுகொண்டே விஷயத்தை உடைத்தார்.

“மாமா, ஃப்ராங்க்கா சொல்றேன். உங்களை மட்டும் மேடையில ஏத்தினா படம் முடிஞ்ச உடனே அத்தனை பேரும் இங்கே போண்டாவுக்கு வந்துடுவா. கைசர் ஜஹான் வரணும். அவா வந்தா விழா. வரலேன்னா வெறும் படம், அப்புறம் ஜனகணமன.”

“கைசரம்மா எனக்காக வருவா.”

“வந்தா இப்படிப் பண்ணுவோம். நீங்க அதே மாதிரி முன் வரிசையில உக்காந்துக்கோங்கோ. அவா மேடையில கையைக் கூப்பி, ‘நான் போறேன்’ங்கணும். நீங்க எழுந்து...”

மீதியைக் கேட்கச் சித்தப்பாவுக்குக் காது இல்லை. கண் கலங்கிவிட்டது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அசல் கிழவி அசல் வார்த்தையைச் சொல்ல வேண்டும். அவர் எழுந்து திருத்த வேண்டும். ஊர் பார்க்க வேண்டும். முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளிலும் பல் ஆஸ்பத்திரியிலும் போலிகளைத் திருத்தி அலுத்த மனுஷர்.

“எனக்கு ஒரு காலர் மைக் வேணும்,” என்றார்.

“முப்பது வருஷமா மைக் இல்லாமத்தானே மாமா எங்களைக் கொன்னேள்,” என்றார் கிரீஷ்.

மறுநாள் திருவல்லிக்கேணிக்குக் கிளம்பினோம். தெருமுனை ஸ்டாண்டில் மிக்கேலின் ஆட்டோ.

“இன்னா மாமா, போறீங்களா, போய்ட்டு வரீங்களா?” என்றான் மிக்கேல்.

“பாத்தியா?” என்று சித்தப்பா என் தொடையில் தட்டினார். “பாமரன்கூட மறக்கலை.”

கைசர் ஜஹான் அந்தக் கிழவி வேஷம் போட்டபோது அவருக்கு வயது இருபத்தாறு. தலைக்கு வெள்ளைப் பவுடர் அடித்து, கன்னத்தில் கோடு போட்டிருந்தார்கள். நாடகம், சினிமா என்று பதினைந்து வருஷம் நடித்துவிட்டு ஒரு நாள் நிறுத்திவிட்டார். விழா ஒன்றும் வைக்கவில்லை. கணவர் பீர் முஹம்மது அதே நாடகக் கம்பெனிகளில் திரை இழுத்தவர்; பத்து வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். இப்போது வாலாஜா மசூதிக்குப் பின்புறச் சந்தில், மகள் நஸ்ருன்னிசாவோடு, ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தார். மகள் பள்ளிக்கூட டீச்சர்.

மாடிப்படி ஏறியதும் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் எண்ணெய் வாடை. நிஜமாக நரைத்திருந்த தலை, அன்றைக்குப் பவுடர் அடித்ததைப் போல அவ்வளவு வெள்ளையாக இல்லை.

“வா அய்யரே. இன்னும் கீறியா நீ?”

“இருக்கேன் கைசரம்மா. எல்லாம் ரசிகாள் ஆசீர்வாதம்.”

“ரசிகாளா? எத்தினி பேரு?”

உள்ளே நஸ்ருன்னிசா டம்ளரை நழுவவிடும் சத்தம் கேட்டது. சித்தப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து விழாவை விவரித்தார். எந்த வரிசை, எந்த நாற்காலி, எப்போது எழுவார், எந்தக் கையைத் தூக்குவார்.

“நீங்க கஷ்டப்படவே வேண்டாம். கையைக் கூப்பி, அதே மாதிரி ‘நான் போறேன்’னு ஒரு வார்த்தை. அப்புறம் நான் பார்த்துக்கறேன்.”

“அப்பால நீ பாத்துக்குவே. அல்லாரும் கை தட்டுவாங்கோ.”

“ஆமாம்!”

“எனக்கு இன்னா?”

“உங்களுக்கும் பொன்னாடை உண்டு, கைசரம்மா. நல்ல சரிகை. நானே பார்த்து எடுத்தேன்.”

“அது வூட்ல நெறைய கீது. தலகாணிக்கு உறை தெச்சுப் போட்டுக்கினோம். ராத்திரி திரும்பிப் படுத்தா ஜரிகை கன்னத்தக் கிழிக்குது.”

டீ வந்தது. தண்ணீர் எந்தக் குழாயுடையதோ என்று யோசித்துக்கொண்டே நான் குடித்தேன். கைசர் ஜஹான் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாம கடைசியா எப்போ பாத்துக்கினோம், சொல்லு அய்யரே.”

“பாய் தவறிப்போனப்போ வந்தேனே. நன்னா ஞாபகம் இருக்கு. நல்ல கூட்டம்.”

“ஆமா,” என்றார் அவர். “நல்ல கூட்டம்.”

கீழே சந்தில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனான்.

“சர்தான், வர்றேன். நீ போ.”

சித்தப்பா துள்ளி எழுந்தார். வலது கை உயர்ந்தது. “போன்னு சொல்லப்படாது கைசரம்மா! போயிட்டு வான்னு சொல்லணும்!”

எனக்கு அந்த டீயை அவர் தலையில் கொட்டலாம் போலிருந்தது. கைசர் ஜஹான் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“போய்ட்டு வா அய்யரே,” என்றார்.

வெற்றிச் செய்தியை மிக்கேலுக்குச் சொல்லச் சித்தப்பா முன்னால் இறங்கி ஓடினார். படி இருட்டாக இருந்ததால் நான் சுவரைப் பிடித்து மெல்ல இறங்கினேன். நஸ்ருன்னிசா பின்னாலேயே வந்தாள்.

“அண்ணே, அவரு உங்களுக்கு இன்னா வேணும்?”

“சித்தப்பா.”

“பாவம்,” என்றாள். யாரைச் சொன்னாள் என்று விளங்கவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“எங்க வாப்பா மவுத்தாப் போன அன்னிக்கு. அம்மா உள்ளாற பொம்பளைங்களோட உக்காந்துக்கினு, ‘உட்டுட்டுப் போறீங்களே, போறீங்களே’ன்னு அழுவுது. வெளிய மையத்தத் தூக்கிக்கினு வாசப்படி தாண்டுறாங்க. தெருவுலேர்ந்து உங்க சித்தப்பா கொரலு. ‘போறேன்னு சொல்லாதேள், போயிட்டு வரேன்னு சொல்லுங்கோ!’ சினிமால வர்ற அதே ராகம். நாலு பேரு சிரிச்சிட்டாங்க. தூக்கினவங்கள்லயே ஒருத்தரு சிரிச்சிட்டாரு. அது அம்மாக்குக் கேட்டுச்சி.”

நான் சுவரைப் பிடித்தபடியே நின்றேன்.

“அதோட உட்டாரா? கெளம்பும்போது எங்க மாமா கையப் புடிச்சி, ‘போயிட்டு வரேன்’னு வேற சொல்லிட்டுப் போனாரு. சாவு வூட்லேர்ந்து உங்க ஆளுங்க சொல்லிக்காமத்தானே போவாங்க? போயிட்டு வரேன்னா, இன்னொரு சாவுக்கு வரேன்னுதானே ஆவும்? எங்க அம்மா எத்தினி நாடகத்துல அய்யரு வூட்டு மாமியா நடிச்சிருக்கு. அதுக்குத் தெரியாதா?”

“பின்னே ஏன் வரேன்னாங்க?”

“அதான் எனக்கும் புரியல,” என்றாள் நஸ்ருன்னிசா.

ஆட்டோவில் ஏறியதும் சித்தப்பாவிடம் கேட்டேன். மறுப்பார், அல்லது நெளிவார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

“நஸ்ரு சொன்னாளா? பாத்தியா, இன்னும் ஞாபகம் வெச்சிண்டிருக்கா! அழுதுண்டிருந்த கூட்டம்டா. ஒரு செகண்ட், ஒரே செகண்ட், அத்தனை பேரும் துக்கத்தை மறந்துட்டா. காமெடின்னா அது. பொணத்துக்கு முன்னாடியும் வேலை செய்யணும்.”

மிக்கேல் கண்ணாடியில் பார்த்தான். “சாவு வூட்லயா மாமா?”

“ஆமாம்ப்பா!”

“சூப்பர் மாமா,” என்றான் மிக்கேல். தலையை வெளியே நீட்டிக் காறித் துப்பிவிட்டு கியரை மாற்றினான்.

வீட்டில் சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் குளிக்கப் போனதும் சொன்னேன். சித்தி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்குத் தெரியும். அன்னிக்கு துக்கத்துக்குப் போயிட்டு வந்து, தலையில ஜலம் விட்டுக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னுண்டு சொல்லிச் சிரிச்சார். ஒரு வாரம் இவரோட நான் பேசலை. அது அவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது.”

“கைசர் ஜஹானை வர வேண்டாம்னு சொல்லட்டுமா சித்தி? கிரீஷுக்கு போன் பண்ணினா...”

“வரட்டும்,” என்றாள் சித்தி. ஒரு பூச்சியரித்த தண்டை ஒடித்து எறிந்தாள். “வரட்டும்டா.”

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். எல்லோரும் கைசர் ஜஹானைப் பார்க்க வந்தவர்கள். சித்தப்பா பட்டு ஜிப்பா, அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம். காலர் மைக்கும் வாங்கிவிட்டார். நிமிஷத்துக்கொரு தரம் அதை ஊதிப் பார்த்தார். ஊதும்போதெல்லாம் அரங்கத்தின் நாலு மூலையிலிருந்தும் புயல் வந்தது. கிரீஷ் ஓடிவந்து அதை அணைத்துவிட்டுப் போனார்.

வீடியோ காசெட்டிலிருந்து திரையில் பாய்ச்சினார்கள். படம் மழையில் நனைந்த மாதிரி இருந்தது, ஆனாலும் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நல்ல படம். கான்ட்ராக்டர் தட்டிக்குத் தட்டி சத்தியம் பண்ணும் இடமெல்லாம் எனக்கே சிரிப்பு வந்தது. சித்தப்பாவின் காட்சி வந்தபோதெல்லாம், திரையில் இருந்த சுப்பராமன் எழுந்தார். முன் வரிசையில் இருந்த சுப்பராமனும் எழுந்தார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் இவருடைய வழுக்கையின் நிழல் அவருடைய வாயின் மேல் விழுந்தது. “உக்காருய்யா!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். லட்டு வாய்க்குள் போனபோது அரங்கமே ஆரவாரம் செய்தது. அதைத் தனக்கான பாராட்டு என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்.

விளக்குகள் எரிந்தன. மேடையில் ஒரே நாற்காலி. நஸ்ருன்னிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கைசர் ஜஹான் ஏறினார். வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள். கிரீஷ் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கைக் கொடுத்தார்.

“நான் பேசத் தெரியாதவ,” என்றார் கைசர் ஜஹான். மேடையில் அவர் பேச்சு வேறாகிவிட்டது. சுத்தமான, பழைய நாடகத் தமிழ். “எழுதிக் கொடுத்தா பேசுவேன். இந்தப் படத்தை எடுத்தவங்க இல்லை. எனக்குப் புருஷனா நடிச்சவர் இல்லை. ஒவ்வொரு நாடகத்திலும் நான் கையைக் கூப்பினதும் சரியான நேரத்துக்குத் திரையை விட்டவர் ஒருத்தர் இருந்தார். பீர் முஹம்மது. என் வீட்டுக்காரர். அவரும் இல்லை. அவரை அனுப்பிவைச்ச அன்னிக்கு இங்கே இருக்கிற சில பேர் வந்திருந்தீங்க. உங்களுக்கு நான் மரியாதை செய்யணும்.”

கை தட்டினார்கள். முன் வரிசையில் சித்தப்பா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டார். கையால் தட்டித் தட்டிக் காலர் மைக்கை எப்படியோ உயிர்ப்பித்திருந்தார். அவர் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது. கைசர் ஜஹான் எழுந்தார். மேடையின் முன்பக்கம், படத்தில் நின்ற அதே இடத்துக்கு, மெல்ல நடந்து வந்தார். கையைக் கூப்பினார். எல்லோருக்கும் தெரியும் அடுத்து என்ன வரும் என்று. சித்தப்பா பாதி எழுந்துவிட்டார். கை தோள்வரை வந்துவிட்டது.

கைசர் ஜஹான் கூப்பிய கையை இறக்கினார். பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. பக்கத்துப் படிகளில் மகளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நடுப்பாதையில், தலையைக் குனிந்தபடி வாசலை நோக்கி நடந்தார்.

அந்த நடை எல்லோருக்கும் தெரிந்த நடை. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் நடப்பது அப்படித்தான். பாதையோர நாற்காலிகளில் இருந்த பெண்கள் தாங்களாகவே காலை மடக்கி வழிவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒரு மாமி பக்கத்திலிருந்தவளிடம், “சொல்லிக்காமப் போறா, பாரேன்,” என்று கிசுகிசுத்தாள். சித்தி நேராக மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். முழுக்க எழவுமில்லை, உட்காரவுமில்லை. உயர்ந்த கை உயர்ந்தபடி. வாய் வசனத்தின் முதல் எழுத்துக்காகக் குவிந்திருந்தது. கைசர் ஜஹான் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போவார், வாசலிலிருந்தாவது சொல்வார் என்று அவர் நம்பியது முதுகில் தெரிந்தது. திருத்துவதற்கு ஒரு வார்த்தை வேண்டும் அல்லவா? அது இல்லை. “ப்... ப்...” என்று காலர் மைக்கில் ஏதோ வந்தது. வாசற்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

பின் வரிசையில் யாரோ ஒரு புண்ணியவான் தொண்டை கிழியக் கத்தினான்: “திரையை விடுங்கப்பா!”

அரங்கம் வெடித்தது. அன்று சாயங்காலத்தின் பெரிய சிரிப்பு அதுதான். மேடைக்காரன் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டான். சிவப்புத் திரை ஆடி ஆடி இறங்கியது. காலி நாற்காலியும் மடித்து வைத்த பொன்னாடையும் அதற்குப் பின்னால் மறைந்தன. சித்தப்பா திரைக்கு இந்தப் பக்கம், ஜனங்களோடு, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார்கள்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பால் வாங்கப் போன இடத்தில் ஆரம்பித்துவிட்டார் என்று மிக்கேல் சொன்னான். “பாவம், கைசரம்மாவுக்கு வயசாயிடுத்து. மேடையில நின்னுண்டு டயலாக்கை மறந்துட்டா. நான் மட்டும் அங்கே பக்குவமா நிக்கலேன்னா விழாவே கெட்டிருக்கும்.” கைசர் ஜஹான் அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

“நீ என்னப்பா சொன்னே?” என்று மிக்கேலைக் கேட்டேன்.

“சூப்பர் மாமான்னேன்,” என்றான்.

நான் கிளம்பும் நாள் வந்தது. பெட்டிகள் கீழே இறங்கியாயிற்று. பாஸ்போர்ட் இடுப்பில் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சித்தப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்கும் கெட்ட எண்ணம்தான் எனக்கு. எதிரில் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்:

“சித்தப்பா, நான் போறேன்.”

பேப்பர் இறங்கியது. என்னைப் பார்த்தார். கை நாற்காலியின் பிடியிலிருந்து ஓர் அங்குலம் எழுந்தது, அங்கேயே நின்றது, மறுபடி பிடியில் போய் உட்கார்ந்தது.

“டிக்கெட் எடுத்துண்டியோ?” என்றார். பேப்பர் மறுபடி உயர்ந்தது.

குக்கர் சத்தத்துக்கு மேலே, சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வந்தது. கை எதுவும் உயர்ந்திருக்காது. கரண்டியைக்கூட அவள் கீழே வைத்திருக்க மாட்டாள்.

“போறேன்னு சொல்லாதேடா. போயிட்டு வரேன்னு சொல்லு.”

“போயிட்டு வரேன் சித்தி,” என்றேன்.